ஐக்கியம்: ஒன்றாவதா, உறவாவதா?

சீர்காழிப் பக்கத்து நண்பர் ஒருவர் போனில் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். "அவங்களுக்கென்ன, இப்பல்லாம் எந்நேரமும் கர்த்தரோட ஐக்கியம்தான்" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "எப்பங்க? ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். அம்மா அப்போது அடுக்களையில் மீன் அலசிக்கொண்டிருந்தார்.

அவர் மேல் தப்பில்லை. அவர் ஊருக்குப் பக்கத்தில்தான் ஆச்சாள்புரம், பழைய பெயர் நல்லூர்ப் பெருமணம், திருஞானசம்பந்தர் தன் கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தோடு சேர்ந்து சோதியில் கலந்த தலம். "ஈசனோடு ஐக்கியமானார்" என்று கேட்டே வளர்ந்தவருக்கு ஐக்கியமான ஆள் திரும்பி வரமாட்டார். எங்கள் சர்ச்சிலோ "தேவனோடு ஐக்கியத்தில் வளருங்கள்" என்று வாராவாரம் சொல்வார்கள், நாங்களும் பிரசங்கம் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிடுவோம்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் நண்பர் பக்கம்தான் நியாயம். தீரத்திலிருந்து தைரியம் வந்ததுபோல, ஏகம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது ஐக்கியம். ஒன்றாயிருத்தல், ஒன்றாகிவிடுதல், அவ்வளவுதான் பொருள். ஐக்கிய நாடுகள் சபையிலும் அதே சொல்தான் (அங்கே எவ்வளவு ஒற்றுமை என்பது வேறு கதை).

ஆனால் எங்கள் சர்ச்சில் சொல்லும் இந்த ஐக்கியத்துக்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இருப்பது கொய்னோனியா என்ற சொல். கொய்னோஸ் என்றால் பொது. ஒரு பொருளை இருவர் பொதுவில் வைத்திருப்பது, அதில் ஆளுக்கொரு பங்கு உள்ளது என்பதுதான் அடிப்படை. லூக்கா 5:10-ல் யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் "கூட்டாளிகள்" என்று வருகிறதே, அங்கேயும் இதே வேர்ச்சொல்தான். மீன்பிடித் தொழில் கூட்டாளிகள்! 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்த தரங்கம்பாடியில் போய்க் கரையில் நின்று பாருங்கள், படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பார்கள், வலை கிழிந்தால் அந்த நஷ்டமும் கூட்டாளிகளுக்குள்தான். பவுல் பிலிப்பியர் 3:10-ல் கிறிஸ்துவின் "பாடுகளின் ஐக்கியம்" என்று எழுதும்போது எனக்கு அந்தக் கரைதான் நினைவுக்கு வரும். லாபத்தில் மட்டும் கூட்டு கிடையாது. முக்கியமாக, கூட்டாளிகள் ஒரே ஆள் ஆகிவிடுவதில்லை, அவர் அவர்தான், நீ நீதான், கிறிஸ்தவ விசுவாசம் கடவுளோடு மனிதனுக்கு உண்டு என்று சொல்வதும் இப்படி இருவர் இருவராகவே நிற்கும் நெருக்கம்தான். கரைந்துபோனால் அப்புறம் யார் யாரிடம் ஜெபிப்பது?

நம் பழைய மொழிபெயர்ப்பே எல்லா இடத்திலும் ஐக்கியம் என்று போடவில்லை. அப்போஸ்தலர் 2:42-ல் அதே கொய்னோனியாவுக்கு "அந்நியோந்நியம்" என்று இருக்கிறது. அதுவும் வடசொல்தான், ஒருவர்க்கொருவர் என்று பொருள். ஊரில் நல்ல புருஷன் பெண்டாட்டியைப் பார்த்துச் சொல்லும் சொல். மூலத்துக்கு ஐக்கியத்தைவிட இதுவே பக்கம் என்பேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கூட்டு, உறவு இரண்டையும் சேர்த்தால் கூட்டுறவு, கச்சிதம். ஆனால் நெல் விளையும் ஊரில் போய் "தேவனோடு கூட்டுறவு" என்றால் யூரியா வந்துவிட்டதா என்று கேட்பார்கள். பங்கு என்ற நல்ல சொல்லைக் கத்தோலிக்கர்கள் தங்கள் கோயில் வட்டாரத்துக்குப் பங்கு, அதன் சாமியாருக்குப் பங்குத்தந்தை என்று ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் திருப்பலியில் சொல்லும் "தூய ஆவியாரின் நட்புறவு" நன்றாகவே இருக்கிறது, என்ன, கொஞ்சம் தூதரக வாசனை அடிக்கிறது. எனக்கு வெறும் "உறவு" போதும். உறு என்றால் அடைதல், பொருந்துதல், அதிலிருந்து உற்றார், உறவு. கடவுள் விஷயத்தில் இது புதுசும் இல்லை: பாலில் மறைந்திருக்கும் நெய்யாக இறைவனைச் சொல்லி, "உறவுகோல் நட்டு" உணர்வுக் கயிற்றால் கடையச் சொன்னார் அப்பர்.

இப்போது மேடைகளில் கேட்கும் "தனிப்பட்ட உறவு" ஆங்கிலப் பிரசங்கத்திலிருந்து வந்தது. பைபிளில் அந்தத் தொடரே கிடையாது, உறவு உண்டு, தனிப்பட்ட என்ற அடைமொழிதான் இல்லை. அதன் உடன்பிறப்பு "சொந்த இரட்சகர்". எனக்கே எனக்கானவர் என்ற பொருளில்தான் வைத்திருப்பார்கள், ஆனால் "அவங்க எங்களுக்குச் சொந்தம்" என்று பேசிப் பழகிய காதில் அது இரட்சகர் நமக்கு உறவுக்காரர் என்றே விழுகிறது. தவறி விழுந்தாலும் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ஏனென்றால் சொந்தம் என்றாலே அடுத்த கேள்வி, போக்குவரத்து இருக்கா? கல்யாணம் காரியத்துக்குப் போகாமல் விட்டால் எவ்வளவு நெருங்கிய சொந்தமும் விட்டுப்போகும். தனி ஜெபம், வேதவாசிப்பு என்று சர்ச்சில் சொல்வதெல்லாம் இந்தப் போக்குவரத்துதான்.

அம்மாவுக்கு இதில் எந்தச் சொல்லும் தேவைப்படவில்லை. நாலரை மணிக்கு எழுந்துவிடுவார். முழங்கால் வலியால் இப்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, நேற்று விட்ட இடத்திலிருந்து ஆண்டவரிடம் பேச்சைத் தொடங்குவார், அதில் என் சம்பளமும் வரும், பால்காரர் பாக்கியும் வரும்.