காப்பகத்தில் ஏன் எப்போதும் இடமில்லை?

பெங்களூரில் விலங்கு மீட்பு வேலை பார்க்கிறவர்கள் ஒரு நாளில் அதிகம் சொல்லும் பதில் "இடமில்லை" என்பதுதான். கேட்கிறவர்களுக்குக் கோபம் வரும். "நாய்க்காகத்தானே ஷெல்ட்டர் நடத்துறீங்க, அப்புறம் இடமில்லன்னா எப்படி?" என்பார்கள். நான் கால்நடை மருத்துவர். சொந்த கிளினிக் போக, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு காப்பகத்திலும் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்விக்கு ஃபோனில் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. மாநகராட்சி 2023இல் எடுத்த கணக்கில் பெங்களூரில் சுமார் 2.79 லட்சம் தெருநாய்கள் இருந்தன. 2019இல் 3.10 லட்சம். கருத்தடை வேலை ஓரளவு பலன் தந்திருக்கிறது. ஆனால் ஊரில் உள்ள அத்தனை காப்பகங்களையும் சேர்த்தாலும் இதில் ஒரு சிறு பங்கைக்கூடத் தாங்காது. தாங்க வேண்டும் என்று விதிகளும் சொல்லவில்லை. 2023இல் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும். காதில் ஒரு ஓரம் நறுக்கியிருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட நாயை அப்புறப்படுத்தினால் அந்த இடம் காலியாக இருக்காது. குப்பையும் சாப்பாடும் அங்கேயேதான் இருக்கின்றன. பக்கத்துத் தெருவிலிருந்து கருத்தடை ஆகாத நாய் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், டெல்லி சுற்றுவட்டாரத்துத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. அதே மாதம் 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. ரேபிஸ் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பிறகு திரும்ப விடலாம், உணவு வைக்கத் தனி இடங்கள் ஒதுக்க வேண்டும் என்றது. பிறகு நவம்பர் 7 அன்று பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் உள்ள நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. குழந்தைகளின் பாதுகாப்பை நினைத்துச் சொன்னது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அகற்றப்பட்ட நாய் எங்கே போகும்? அந்த உத்தரவுக்குப் பிறகு பள்ளி, கல்லூரி நிர்வாகங்களின் ஃபோன்கள் எங்களுக்கு வர ஆரம்பித்தன. இதற்கு இரண்டு மாதம் முன்புதான் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்திருந்தது. யாரிடம் கேட்பது என்று பல பேருக்குத் தெரியவில்லை.

சரி, காப்பகத்துக்குள் வருவோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் தரையை அளக்கிறார்கள். "இவ்வளவு பெரிய இடம், இன்னொரு குட்டி எங்கே அடைக்கப் போகுது?" என்பார்கள். எங்களுக்குத் தரை பிரச்சினை இல்லை. தனிமை அறை காலியாக இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை.

இரவில் யாரோ அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்து கேட் முன்னால் விட்டுவிட்டுப் போவார்கள். காலையில் பார்த்தால் குட்டிகள் துருதுருவென்று இருக்கும். உடம்புக்குள் பார்வோ என்ற வைரஸ் கிருமி இருந்தாலும் சில நாட்கள், ஒரு வாரம் வரைகூட, எந்த அறிகுறியும் தெரியாது. டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் என்றால் இரண்டு வாரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். அதனால் புதிதாக வரும் ஒவ்வொரு குட்டியையும் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். தனி அறை, தனிப் பாத்திரம், முடிந்தால் தனி ஆள். அறை நிரம்பியிருக்கும்போது பாவம் பார்த்து ஒரு குட்டியை மற்ற குட்டிகளோடு விட்டால், அடுத்த வாரம் ஒரு வரிசையே ரத்தபேதியில் படுத்துக்கிடக்கும். பார்வோ கிருமியைக் கொல்லும் மருந்து எங்கள் கையில் கிடையாது. ட்ரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, ராத்திரியெல்லாம் பக்கத்தில் ஆள் இருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயிலுக்குச் சாகாது. பிளீச்சிங் கரைசலுக்குச் சாகும், ஆனால் சிமென்ட் தரையில்தான் அது வேலை செய்யும். மண் தரையில் ஊற்றினால் மருந்துதான் வீண். வாடகை நிலத்தில் நடக்கும் காப்பகங்கள் பலவற்றில் பாதி இடம் மண் தரைதான்.

இன்னொன்று. அந்த அட்டைப்பெட்டிக் குட்டிகளில் பல, மீட்கவே தேவையில்லாதவை. தாய் நாய் சாப்பாடு தேடிப் போயிருக்கும். அதற்குள் "அநாதைக் குட்டிகள்" என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கண் திறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால் தாய்ப்பால் மூலம் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தியும் போய்விடும். மழைக்கு ஒதுங்க ஒரு மறைப்பும் தாய்க்கு இரண்டு வேளைச் சோறும் கொடுத்தால் காப்பகத்தைவிட அந்தத் தெரு முனைதான் குட்டிகளுக்குப் பத்திரம். சில மணி நேரம் தள்ளி நின்று பார்த்தும் தாய் வரவே இல்லையென்றால் அப்போது ஃபோன் செய்யுங்கள்.

வண்டியில் அடிபட்டு முதுகெலும்பு போன நாய்கள் வேறு வகை. இவை சாவதில்லை, நடப்பதும் இல்லை. சிறுநீர் தானாகப் போகாது. ஒரு நாளில் மூன்று நான்கு முறை அடிவயிற்றை அழுத்தி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சிறுநீரகம் கெடும். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட வேண்டும். ஆரோக்கியமான பத்து நாய்களுக்கு ஆகும் நேரம் இப்படி ஒன்றுக்கே போய்விடும். இந்த நாய் டிஸ்சார்ஜே இல்லாத நோயாளி. பத்து வருடம்கூட இருக்கலாம். சிலவற்றுக்குச் சக்கர வண்டி கட்டிவிட்டால் குஷியாக ஓடும், அவற்றை வைத்துக் காப்பாற்றுவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் குணமாக வழியே இல்லாமல் வலியில் துடிக்கும் நாயைக் கருணைக்கொலை செய்ய விதிகள் மருத்துவருக்கு இடம் தருகின்றன, அது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். இதைச் சொன்னால் திட்டு விழும். "கொலைகார டாக்டர்" என்று பதிவு போட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் அந்த நாயை வீட்டுக்கு எடுத்துப் போக முன்வந்ததில்லை.

ரேபிஸ் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "டாக்டர், நாய்க்குத் தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு, வாயை மூட மாட்டேங்குது, எச்சில் ஒழுகுது, எடுத்துவிடலாம்னு பாத்தேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கீழ்த்தாடை தொங்குவது, விழுங்க முடியாமல் எச்சில் வழிவது, குரைப்புச் சத்தம் மாறுவது எல்லாம் ரேபிஸின் அறிகுறிகளாக இருக்கலாம். வெறிநாய் என்றாலே கடித்துக்கொண்டு ஓடும் என்று நினைக்கிறோம். சோர்ந்து, ஒடுங்கி, பக்கவாதம் வந்ததுபோல் கிடக்கும் ரேபிஸும் உண்டு. பாவமாகத் தெரியும், கை வைக்கத் தோன்றும். வாய்க்குள் கையை விடவே விடாதீர்கள். கடித்தாலும், கீறினாலும், கையில் உள்ள புண்ணில் எச்சில் பட்டாலும் உடனே குழாய் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, உடனே எதிர்ப்புச் சக்தி தரும் ஊசியும் போட வேண்டும், அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அறிகுறி வந்துவிட்டால் இந்த நோயிலிருந்து தப்புவது ஏறக்குறைய இல்லை. தெருநாய்களுக்குத் தினமும் சோறு வைக்கிறவர்கள், எங்களைப் போலவே, கடி வாங்கும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

புழுப்புண்ணுக்கு பெட்ரோல், மண்ணெண்ணெய், ஃபினாயில் ஊற்றுவதையும் விடுங்கள். புழு சாகிறதோ இல்லையோ, சதை வெந்துவிடும்.

வேலையாட்கள் கிடைப்பது அடுத்த தலைவலி. நாய்க்கூண்டு கழுவி, கடி வாங்கி, ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டிய வேலை இது. அதே சம்பளத்துக்கோ அதற்கு மேலோ அபார்ட்மென்ட் செக்யூரிட்டி வேலையும் டெலிவரி வேலையும் இந்த ஊரில் கிடைக்கிறது. பழகிய ஆள் ஒருவர் போய்விட்டால் மருந்து வேளை தவறும், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்ற விவரமும் அவரோடு போய்விடும்.

பணம் பற்றிப் பேசினால் எல்லோருக்கும் சங்கடம், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ரத்தம் வழியும் நாயின் படம் போட்டால் அந்த நாய்க்குப் பணம் வரும். வாடகைக்கு, சம்பளத்துக்கு, கரண்ட் பில்லுக்கு, தண்ணீர் லாரிக்கு வராது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூரில் போர்வெல்கள் வற்றித் தண்ணீர் லாரி விலை ஏறி, அரசே விலை நிர்ணயம் செய்ய வேண்டி வந்தது நினைவிருக்கும். வீடுகளில் குளிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். பார்வோ வந்த கூண்டைக் கழுவுவதை எப்படிக் குறைப்பது? 2013 கம்பெனிச் சட்டத்தில், நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடக்கூடிய வேலைகளில் விலங்கு நலனும் இருக்கிறது. ஆனால் அவர்களுக்குப் பிடித்தது பக்கவாட்டில் கம்பெனி பெயர் எழுதிய ஆம்புலன்ஸ். டீசலும் டிரைவர் சம்பளமும் நம் பாடு.

இடம் மாறிக்கொண்டே இருப்பதும் உண்டு. ஆனேக்கல், ஹெசரகட்டா, கனகபுரா ரோடு என்று ஆளில்லாத பக்கம் பார்த்துத்தான் காப்பகம் தொடங்குவார்கள். சில வருடத்தில் பக்கத்தில் லேஅவுட் போடுவார்கள், வீடு கட்டிக் குடிவந்தவர்கள் குரைப்புச் சத்தம் என்று புகார் கொடுப்பார்கள், நிலத்துக்காரரும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார். அவர்கள் மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு எல்லா நாயும் சேர்ந்து குரைத்தால் எனக்கே தாங்காது.

கைவிடப்படும் வளர்ப்பு நாய்கள் என்றால் எனக்கு நிதானம் போய்விடும். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் என்று பனிப்பிரதேச நாய்களை வாங்கி, வெயிலில் தோல் வியாதி வந்ததும், வேலை மாற்றலாகிப் போகும்போதும் விட்டுவிடுகிறார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களுக்குத் தடை சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலிலேயே அதை ரத்து செய்தது. இடைப்பட்ட அந்தக் கொஞ்ச நாளில் ராட்வைலரையும் பிட்புல்லையும் "எடுத்துக்கறீங்களா" என்று விசாரித்தவர்களின் அவசரத்தைப் பார்த்தபோது, சுற்றறிக்கை ஒரு சாக்குதான் என்று தோன்றியது. தத்து கேட்டு வருகிறவர்களோ லாப்ரடார் இருக்கிறதா என்பார்கள். மூன்று கால் நாட்டு நாய் கூண்டுக்குள்ளேயே வயதாகும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1960ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அது இன்றும் அப்படியே இருக்கிறது. விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. ஆனால் ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுத்துவிட்டு, நீதிமன்றம் வரை வந்து சாட்சி சொல்ல ஆள் வேண்டும்.

இத்தனையும் மீறிக் காப்பகம் ஓடுவது சில தெருக்களால்தான். மர்ஃபி டவுனில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா இருக்கிறார். அவர் தெருவில் ஒரு நாய்க்குப் பின்னங்கால் உடைந்தபோது அவரே ஒரு சாக்கைப் போட்டு, தெரிந்த ஆட்டோக்காரரை வைத்துக் கூட்டி வந்தார். இறக்கும்போதே சொன்னார்: "ஆபரேஷன் முடிஞ்சு கால் ஊனினா சொல்லுங்க டாக்டர், நாங்களே வந்து கூட்டிக்கிறோம். அது எங்க தெரு நாய்." அதேபோல் வந்து கூட்டிப்போனார், மாத்திரையும் வேளா வேளைக்குக் கொடுத்தார். கூண்டு காலியானது, அன்றைக்கே அதில் வேறொரு நாயைச் சேர்த்தோம். எங்களுக்குப் பெரிய உதவி எது என்று யாராவது கேட்டால் நான் நன்கொடையைச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். கொண்டு வந்து விடுகிறவர், குணமானதும் அதே நாயைத் திரும்ப எடுத்துக்கொண்டால் எங்கள் இடம் இரண்டு மடங்காகும். அக்காவுக்கு ஸ்மார்ட்ஃபோன்கூட இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் பத்துப் பேருக்குப் படத்தை அனுப்பிவிட்டு "யாராவது உதவுங்க" என்று முடித்துக்கொள்கிறவர்களைவிட அவர் எத்தனையோ மேல்.

அடுத்த முறை அடிபட்ட நாயைப் பார்த்தால், மீட்பு வண்டி வரும்வரை அங்கேயே இருங்கள். அடிபட்ட நாய் நொண்டிப்போய்க் கார் அடியில் ஒளிந்துகொண்டால் வண்டி வந்தும் பயனில்லை. நீங்களே கூட்டி வருவதாக இருந்தால் கெட்டியான போர்வையைப் போட்டுத் தூக்குங்கள், வலியில் எந்த நாயும் கடிக்கும். எந்தத் தெரு, யார் சோறு வைக்கிறார்கள், காதில் நறுக்கு இருக்கிறதா என்று சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். பருந்து, பாம்பு, தேவாங்கு மாதிரி காட்டுயிர் என்றால் எங்களிடம் வேண்டாம், கெங்கேரி பக்கம் உள்ள பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் போன்ற காட்டுயிர் மருத்துவமனைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். பழைய பெட்ஷீட்டும் செய்தித்தாளும் எந்தக் காப்பகத்துக்கும் எப்போதும் தேவைப்படும். பிஸ்கட் வேண்டாம், அரிசியும் முட்டையும் கொடுங்கள். எதுவானாலும் கிளம்பும் முன் ஒரு ஃபோன் செய்துவிட்டு, பகலில் டாக்டர் இருக்கும் நேரத்தில் வாருங்கள்.