தினமும் தண்ணீர் கேட்கும் ரேடியேட்டர்

பழைய கார் ஒன்று பட்டறைக்கு வந்தது. தினமும் காலையில் அரை லிட்டர் ஊற்றினால்தான் ஓடும் என்றார் உரிமையாளர். ரேடியேட்டரை மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது, அதிலும் மேல்தொட்டி ஓரத்தில் கசிவு. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் கல்லாக இறுகிவிட்டது. தண்ணீர் சூடாவதற்கு முன்பே அழுத்தம் ஏறினால், சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று பொருள். வாயுவைச் சோதிக்கும் நீலத் திரவம் மஞ்சளாக மாறியதும் சந்தேகம் தீர்ந்தது. போயிருந்தது ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு. ரேடியேட்டர் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் கசிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். முதல் முறையே யாராவது சோதித்திருந்தால் ஒரு ரேடியேட்டர் செலவு மிஞ்சியிருக்கும்.

இதனால்தான் கசியும் இடத்தையும் காரணத்தையும் பார்க்காமல் நான் ஸ்பேனரை எடுப்பதில்லை. வண்டிக்கு அடியில் ஈரம் கண்டால் முதலில் தொட்டு, முகர்ந்து பாருங்கள். நிறமும் வாசனையும் இல்லாத வெறும் தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏசியிலிருந்து சொட்டுவது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டில் பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருக்கும். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ துரு நிறமாகவோ ஒரு தடம் விட்டிருக்கும். அந்தத் தடத்தைப் பிடித்து மேலே போனால் மூலம் கிடைத்துவிடும்: ஹோஸ் கிளிப், அடியிலுள்ள வடிகால் திருகு, ரேடியேட்டர் தொட்டியும் கோரும் (நடுவிலுள்ள குழாய்ப் பகுதி) சேரும் மடிப்பு, வாட்டர் பம்பின் சிறு துளை. வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் காலடி விரிப்பு கூலன்டில் நனைந்திருக்கிறது என்றால், காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது.

சில கசிவுகள் எஞ்சின் ஆறிய பிறகுதான் தெரியும். சூட்டில் உலோகம் விரிந்து அடைத்துக்கொள்ளும், குளிர்ந்ததும் சுருங்கி வழிவிடும். ஓடும்போது பார்த்து "எல்லாம் சரி" என்று அனுப்பிவிடுவது இங்கேதான் நடக்கிறது. ஆறிய நிலையில், முள் வைத்த கைப் பம்பால் ரேடியேட்டர் மூடியில் குறித்துள்ள அளவுக்கு, பல கார்களில் 0.9 முதல் 1.1 பார் வரை, அழுத்தம் ஏற்றிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. மூடியையும் தனியாகச் சோதிக்க வேண்டும். அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நல்ல ரேடியேட்டரிலும் தண்ணீர் குறையும்.

சூடான எஞ்சினில் அந்த மூடியைத் தயவுசெய்து திறக்காதீர்கள். வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடி தளர்ந்த நொடியில் அது ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸ் கைக்குக் குளிர்ந்து, அமுக்கினால் நெகிழும்வரை காத்திருங்கள். இன்னொன்று: தண்ணீர் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே வெப்பமானி முள் குறைவாகக் காட்டக்கூடும். முள்ளை மட்டும் நம்பி ஓட்டி, அலுமினிய ஹெட் வளைந்து வந்த வண்டிகள் பல.

செம்பு, பித்தளை ரேடியேட்டரில் ஊசித்துளை என்றால் ஈயம் வைத்து அடைக்கலாம். விரல் பட்டாலே கோரின் மெல்லிய உலோக இதழ்கள் உதிர்ந்தால் கோரையே மாற்றுங்கள். பிளாஸ்டிக் தொட்டி வெடித்திருந்தால் பசை நிற்காது. கசிவை அடைக்கும் தூளை நான் பரிந்துரைப்பதில்லை. துளையோடு ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடும். வழியில் மாட்டிக்கொண்டவர் பட்டறைவரை வந்துசேர மட்டும் போடலாம், பிறகு முழுவதும் கழுவ வேண்டும்.

வேலை முடிந்ததும் உப்பு நீரை ஊற்றாமல், காய்ச்சி வடித்த நீரில் வண்டிக்கேற்ற கூலன்டைக் கலந்து நிரப்புங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றி, ஆறியபின் மட்டத்தை மறுபடி பாருங்கள். வடித்த பழைய கூலன்டைத் திறந்த தட்டில் விட்டுவைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்தது இனிக்கும், ஆனால் விஷம். நாயோ குழந்தையோ வாய் வைக்குமுன் மூடியுள்ள கேனில் ஊற்றி எட்டாத இடத்தில் வையுங்கள்.