குற்றச்சாட்டு வாசிக்கப்படும்போது: எதிரியாக நிற்பவர் அறிந்திருக்க வேண்டியவை

முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ நீதவான் நீதிமன்ற வளாகத்தில் காலைவேளையில் நிற்பவர்களிடம் என்ன வழக்கு என்று கேட்டால், “மணல் கேஸ்”, “கசிப்புக் கேஸ்”, “மரக் கேஸ்” என்று பதில் வரும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், எந்தத் திகதியில், எவ்விடத்தில் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்காகத் தாம் அங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. இதை அவர்களுடைய குறையாக நான் சொல்லவில்லை. அதை அவர்களுக்கு விளங்கும் மொழியில் தெரிவிக்க வேண்டிய கடமையைச் சட்டம் பிறர் மேல்தான் சுமத்தியிருக்கிறது. ஆனால் கேட்காதவருக்கு அது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். கைது செய்யப்பட்டு விசாரணையின் கீழ் இருப்பவர் “சந்தேக நபர்” ஆவார். அவருக்கு எதிராகக் குற்றப்பத்திரம் ஆக்கப்பட்டு, அது நீதிமன்றத்தில் வாசித்து விளக்கப்பட்ட பின்னரே அவர் “எதிரி” ஆகிறார். இரண்டு நிலைகளிலும் அவர் குற்றவாளி அல்லர். குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை எவரும் சுற்றவாளியாகவே, அதாவது குற்றமற்றவராகவே, கருதப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கூறுகிறது.

அதே உறுப்புரையின்படி, கைது செய்யப்படுபவருக்குக் கைதுக்கான காரணம் தெரிவிக்கப்பட வேண்டும். பிடியாணையின்றிக் கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்கு மேல் பொலிஸ் காவலில் வைத்திருக்க முடியாது என்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் பொது விதியாகும். விசேட சட்டங்கள் சிலவற்றில் இதற்கு விலக்குகள் உண்டு. பெண் ஒருவரின் உடலைச் சோதனையிட வேண்டுமானால் அதைப் பெண் ஒருவரே, கண்ணியம் குறையாமல் செய்ய வேண்டும். சட்டத்தரணி ஒருவர் தமது கட்சிக்காரருக்காகப் பொலிஸ் நிலையத்துக்குச் செல்வதற்கு 2012இல் தனியான விதிகள் ஆக்கப்பட்டுள்ளன. ஆகவே “கோட்டுக்கு வந்து பேசுங்கள்” என்று வாசலில் சொல்லப்படுவதுடன் விடயம் முடிந்துவிடுவதில்லை.

பொலிஸ் நிலையத்தில் நடப்பவற்றுள் மிகவும் கவனிக்க வேண்டியது வாக்குமூலம். தம்மையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு எவரும் பதிலளிக்கக் கட்டுப்பட்டவர் அல்லர். எழுதப்பட்ட வாக்குமூலம் சொன்னவருக்குக் காட்டப்பட வேண்டும் அல்லது வாசித்துக் காட்டப்பட வேண்டும். அது எழுதப்பட்ட மொழி அவருக்கு விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லப்பட வேண்டும். திருத்தவும் மேலதிகமாகச் சேர்க்கவும் அவருக்கு இடமளித்த பின்னரே கையொப்பம் பெற வேண்டும். வன்னியில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுவதும், அதன் அடியில் தமிழில் கையொப்பம் இடப்படுவதும் எவருக்கும் புதிய செய்தியல்ல. விளங்காத எழுத்துக்குக் கீழே கையொப்பம் இடுவதற்கு முன்னர், “இதைத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள் ஐயா” என்று கேட்பது அதிகாரியை அவமதிப்பதாகாது.

பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை வழக்கில் எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு கூறுவது உண்மையே. ஆயினும் அதை நம்பி எதையும் சொல்லிவிடலாம் என்று எண்ணுவது தவறு. ஒருவர் சொன்னதைக் கொண்டு பொருளொன்று கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டுபிடிப்புடன் நேரடியாகத் தொடர்புடைய கூற்றுப் பகுதியை 27ஆம் பிரிவின் கீழ் நிரூபிக்கலாம். 1979இல் ஆக்கப்பட்டு 2022இல் திருத்தப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிலை வேறு. அதன் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் சான்றாகக்கூடும். தடுப்புக் கட்டளைக்கான உச்சக் காலத்தை 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைத்த 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த ஏற்பாட்டை நீக்கவில்லை. அச்சட்டத்தின் கீழ் ஒருவர் பிடிக்கப்பட்டால், 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டிய கடமை அதிகாரிகளுக்கு உண்டு. குடும்பத்தினரும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குத் தாமே தகவல் கொடுத்துவிடுவது நல்லது.

நீதவான் முன் ஆஜர்செய்யும்போது பொலிஸார் தமது விசாரணை பற்றிய “பீ அறிக்கை” எனப்படும் அறிக்கையைத் தாக்கல் செய்வார்கள். பிணையா, விளக்கமறியலா என்ற கேள்வி அங்கேதான் எழும். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என்ற கொள்கையில் நிற்கிறது. பிணை வழங்கத்தக்க குற்றத்துக்குப் பிணை உரிமையாகவே கிடைக்க வேண்டும். ஏனையவற்றில் நீதவான் தமது தற்றுணிபைப் பயன்படுத்துவார். தவணைக்கு வராமல் விடுவார், சாட்சிகளைக் குழப்புவார், மீண்டும் குற்றம் செய்வார் என்பன போன்ற காரணங்களுக்காக மறுக்கலாம். மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்கத்தக்க குற்றமாயின், உதாரணமாகக் கொலை வழக்கில், பிணை விண்ணப்பம் மேல் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். தமக்கெனத் தனியான பிணை ஏற்பாடுகளைக் கொண்ட சட்டங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆட்பிணைக்கு வருபவரிடம் தேசிய அடையாள அட்டையும் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழும் கேட்கப்படுவது வழக்கம் என்பதால், அவற்றை முதல் நாளே எடுத்து வைத்தால் துணுக்காயிலிருந்தோ பூநகரியிலிருந்தோ இன்னொரு தடவை பஸ் ஏறி அலைய வேண்டியிராது.

இனி, குற்றச்சாட்டுப் பற்றிப் பார்ப்போம். செய்ததாகச் சொல்லப்படும் குற்றம், அதற்குரிய சட்டமும் பிரிவும், திகதி, இடம், பாதிக்கப்பட்டவர் இருந்தால் அவர் யார் என்பன குற்றப்பத்திரத்தில் இருக்க வேண்டும். நீதவான் அதை வாசித்து, குற்றத்தை ஏற்கிறாரா இல்லையா என்று எதிரியிடம் கேட்பார். வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ். விளங்கவில்லை என்றால் மீண்டும் விளக்கும்படி கேட்கலாம். சட்டத்தரணி இல்லையென்றால், ஒருவரை அமர்த்துவதற்குத் தவணை தரும்படியும் கேட்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். புதுக்குடியிருப்பில் கூலிக்கு உழவு இயந்திரம் ஓட்டும் இளைஞர் ஒருவர், அனுமதிப்பத்திரமின்றி மணல் ஏற்றியதாக இரவில் பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்று முதலாளி சொன்னதை நம்பியே அவர் ஏற்றியிருக்கலாம். “ஒப்புக்கொண்டால் தண்டப்பணத்தோடு இன்றைக்கே முடிந்துவிடும் தம்பி” என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். அது அன்றைக்கு முடிந்துவிடுவதும் உண்மைதான். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லால் அவர் குற்றத்தீர்ப்பு ஒன்றைச் சம்பாதித்துக்கொள்கிறார். பின்னாளில் வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்று கேட்கும்போது அந்தத் தீர்ப்பு குறுக்கே வரக்கூடும். நிபந்தனையின்றிக் குற்றத்தை ஏற்றவருக்கு மேன்முறையீட்டு வழியும் பெருமளவு சுருங்கிவிடும். உண்மையாகவே செய்த குற்றத்தை ஏற்பது வேறு. அலைச்சலுக்குப் பயந்து செய்யாததை ஏற்பது வேறு. செய்தவருக்கும்கூட, குற்றத்தீர்ப்புப் பதியாமல் நிபந்தனையுடன் விடுவிக்க நீதவானுக்கு அதிகாரமளிக்கும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு தமக்குப் பொருந்துமா என்று சட்டத்தரணியிடம் கேட்டறிவதற்கு முன் வாய் திறப்பது அவசரமே.

குற்றத்தை மறுத்தால் வழக்கு விளக்கத்துக்கு, அதாவது சாட்சிகளை விசாரிப்பதற்கு, நியமிக்கப்படும். நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கும் சுமை வழக்குத் தொடுநர் மீதே இருக்கிறது, ஒருசில விடயங்களில் சட்டமே எதிரியிடம் விளக்கம் கோரினாலும். எதிரி மௌனமாக இருக்கலாம், சாட்சிக் கூண்டில் ஏறிச் சாட்சியமளிக்கலாம், அல்லது எதிரிக் கூண்டில் நின்றபடியே கூற்றொன்றை அளிக்கலாம். பாரதூரமான வழக்குகளில் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பகர்வுப் பத்திரம் தாக்கல் செய்வார். அதன் பிரதி எதிரிக்குக் கையளிக்கப்பட வேண்டும். அங்கே வசதியற்றவருக்கு அரச செலவில் சட்டத்தரணி ஒருவரை நியமிக்கும்படி நீதிபதியைக் கேட்கலாம்.

காவலில் அடிக்கப்பட்டவர், நீதவான் முன் நிறுத்தப்படும் முதல் நாளிலேயே அதைச் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். காயம் ஆறிய பிறகு சொல்வதை நிரூபிப்பது கடினம். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது.

பணமில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வருமானம் பார்த்தே அங்கு உதவி தீர்மானிக்கப்படும். செல்லும்போது வழக்கு இலக்கம், அடுத்த தவணைத் திகதி, அடையாள அட்டை, வருமானத்தைக் காட்டும் கிராம அலுவலர் கடிதம், கையில் இருக்கும் நீதிமன்றக் கடதாசிகள் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்ய 14 நாட்கள் மட்டுமே இருப்பதால், தீர்ப்புக் கிடைத்தவர் அந்த வாரத்திலேயே அங்கு போய்விட வேண்டும்.