வார்க் வாயில் விழும் பொம்மை: ரிவன் எண் சொல்லிக்கொடுக்கும் விதம்

ரிவன் என்ற கணினி விளையாட்டில் ஒரு வகுப்பறை வரும். சின்ன நீர்மூழ்கி ஒன்றில் ஏறி, தண்ணீருக்கடியில் போய்த்தான் அதை அடைய வேண்டும். உள்ளே ஆசிரியரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஒரு விளையாட்டுச் சாமான் மட்டும் இருக்கிறது. அதில் இரண்டு மனிதப் பொம்மைகள் கயிற்றில் தொங்குகின்றன. கீழே வார்க் என்ற பெரிய நீர்விலங்கு காத்திருக்கிறது. சாமானை இயக்கினால் ஒரு குறி தெரியும், கூடவே டக், டக், டக் என்று ஒரு பொம்மை மூன்று படி இறங்கும். மறுபடி இயக்கினால் வேறொரு குறி. இந்த முறை அடுத்த பொம்மை இறங்கும், ஏழு படி. யார் முதலில் அடியைத் தொடுகிறாரோ, அவர் வார்க்கின் வாய்க்குள் போய்விடுவார்.

விளக்கம் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் பேப்பரும் பேனாவுமாக அதன் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு குறியையும் வரைந்து பக்கத்திலேயே படிகளை எண்ணி எழுதினால், ஒன்றிலிருந்து பத்து வரை அந்த ஊர் எண்கள் வசமாகிவிடும். கணினி விளையாட்டுகளில் நான் பார்த்த மிக அழகான பாடம் இதுதான்.

இதற்கு முந்தைய விளையாட்டான மிஸ்ட் 1993-ல் வந்தது. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்களின் சயான் நிறுவனம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்துகொண்டு அதை உருவாக்கியது. ஆள் நடமாட்டமில்லாத ஒரு தீவு, அங்கிருந்து வேறு உலகங்களுக்குக் கொண்டுபோகும் புத்தகங்கள், ஒவ்வொரு உலகத்திலும் சில புதிர்கள். அந்தப் புதிர்கள் பெரும்பாலும் பூட்டும் சாவியும் போல அந்தந்த இடத்தோடு முடிந்துவிடும். 1997 அக்டோபரில் வெளியான ரிவன் இதையே அகலப்படுத்தியது. இங்கே புதிர்கள் தனித்தனியாக நிற்பதில்லை. ஒரு சமூகத்தின் எண், பயம், வழிபாடு எல்லாமே புதிரின் துண்டுகள். ஒரு தீவில் கற்றது மூன்று தீவு தள்ளி உதவும்.

சரி, அந்த எண்களுக்கு வருவோம். இவை டுனி என்ற கற்பனை இனத்தின் எண்கள். நாம் பத்தை அடிப்படையாக வைத்து எண்ணுகிறோம், அவர்கள் இருபத்தைந்தை. அப்படியானால் இருபத்தைந்து தனித்தனிக் குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டுமே என்று தோன்றும். வேண்டியதில்லை. ஒவ்வொரு எண்ணும் ஒரு சதுரத்துக்குள் எழுதப்படுகிறது. ஒன்று என்பது நிற்கும் கோடு. இரண்டு ஒரு வளைவு. மூன்றுக்கும் நான்குக்கும் ஆளுக்கொரு மடிந்த கோடு. அவ்வளவுதான், ஒன்றிலிருந்து இருபத்துநான்கு வரை இந்த நான்கு வடிவங்களைத் தாண்டிப் புதிதாக எதுவும் இல்லை.

ஐந்து எப்படி? ஒன்றின் கோட்டைப் படுக்கப் போட்டால் ஐந்து. இரண்டின் வளைவைக் கால் சுற்றுத் திருப்பினால் பத்து. அதாவது, கால் சுற்றுத் திருப்புவது என்றால் ஐந்தால் பெருக்குவது. இடையில் உள்ள எண்கள் இரண்டு வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கிடைப்பவை. படுத்த கோட்டின்மேல் நிற்கும் கோடு, அதாவது கூட்டல் குறி போல இருப்பது, ஆறு.

பொம்மை பத்தோடு நின்றுவிடுகிறது. மீதியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். பத்து என்பது திரும்பிய இரண்டு என்றால், திரும்பிய மூன்று பதினைந்தாகத்தான் இருக்க வேண்டும், திரும்பிய நான்கு இருபது. 17 வேண்டுமா? திரும்பிய மூன்றின்மேல் இரண்டின் வளைவை வைக்க வேண்டும். 23 என்றால் திரும்பிய நான்கும் சாதா மூன்றும். யாரும் காட்டாத 24-ஐ முதல்முறை பார்த்தவுடனே படிக்க முடிகிறது. சில உதாரணங்களிலிருந்து விதியை ஊகித்து, அதைப் பார்க்காத இடத்திலும் சோதித்துப் பார்ப்பது. அறிவியலில் அன்றாடம் நடக்கும் வேலை இது.

இந்த எண்களைப் படிக்கத் தெரியாமல் ரிவனைத் தாண்டவே முடியாது. தீவுகளில் இருக்கும் கோளக் கூண்டுகளைத் திறக்க 25 இடங்கள் கொண்ட ஒரு வரிசையில் ஐந்து நகர்த்திகளைச் சரியான இடங்களில் நிறுத்த வேண்டும். வாய்ப்புகள் மொத்தம் 53,130. பொறுமை இருந்தால் குருட்டாம்போக்கில் முயன்று பார்க்கலாம் என்று யாராவது நினைக்கக்கூடும். அடுத்து வரும் தீக்கோலிப் புதிர் அந்த ஆசையையும் அடைத்துவிடுகிறது. 25-க்கு 25 என்று 625 குழிகள், அவற்றில் ஐந்து வண்ணக் கோலிகளை ஒவ்வொரு கூண்டும் இருக்கும் இடத்துக்கேற்ப வைக்க வேண்டும். எந்த ஐந்து வண்ணம் என்று தெரிந்திருந்தாலும்கூட, வைக்கும் வழிகள் சுமார் 94 லட்சம் கோடி. கூண்டுகளைத் திறக்கும் எண்கள் ஒரு குறிப்பேட்டில் டுனி எழுத்தில் இருக்கும். புதிதாக ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் அவை மாறிவிடும். நண்பரிடம் விடையைக் கேட்டுப் பயனில்லை, படிக்கக் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அந்த உலகம் அத்தனை உண்மையாகத் தோன்றியதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அன்றைய வீட்டுக் கணினியால் இவ்வளவு நுணுக்கமான முப்பரிமாணக் காட்சியை உடனுக்குடன் வரைய முடியாது. அதனால் சயான் குழுவினர் சக்திவாய்ந்த கணினிகளில் ஒவ்வொரு கோணத்தையும் முன்கூட்டியே வரைந்து, நிலைப்படங்களாகச் சேமித்தார்கள். நாம் கிளிக் செய்யும்போது அடுத்த படம் வரும், நடப்பது அவ்வளவுதான். ஆடும் பொருள்கள் அந்தப் படத்தின்மேல் ஒட்டப்பட்ட சிறு வீடியோக்கள். மண்ணும் மரமும் சுவரும் நிஜமாகத் தெரிய, நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபே நகருக்குப் போய் மேற்பரப்புகளைப் படமெடுத்து வந்து பயன்படுத்தினார்கள். மிஸ்ட் ஒரே குறுந்தகட்டில் அடங்கியது, ரிவனுக்கு ஐந்து தேவைப்பட்டன. 2024 ஜூனில் வந்த மறுஆக்கத்தில் எல்லாம் நிகழ்நேர முப்பரிமாணமாகிவிட்டது, இப்போது சுதந்திரமாக நடக்கலாம். புதிர்கள் சிலவற்றையும் மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் பொம்மை. ரிவனை ஆள்பவன் கென், தன்னைக் கடவுளாக அறிவித்துக்கொண்டவன். ஊருக்கு நடுவே நீர்ப்பரப்பின்மேல் ஒரு பெரிய தூக்குச் சட்டம் நிற்கும். அங்கிருந்துதான் அவனை எதிர்த்தவர்களை வார்க்குக்கு இரையாக்கினார்கள். வகுப்பறையில் எண் கற்றுக்கொண்டு வெளியே வந்து அதை நிமிர்ந்து பார்க்கும்போதுதான், பிள்ளைகள் எதை வைத்து எண்ணப் பழகினார்கள் என்பது உறைக்கும். அடுத்த தடயம் அதற்கும் மேலே இருக்கிறது. போக வேண்டுமென்றால், அதே சட்டத்தில் நாமே தொங்கித்தான் ஏற வேண்டும்.