பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை முதலில் திறந்து பாருங்கள்

1980களின் கடைசியில் வந்த ஒரு ஆப்பிள் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் போர்டில் சால்டரிங் அயர்னை வைத்தால் சில நேரம் மீன் வாடை அடிக்கும். பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பவர்களுக்கு நன்றாகப் பழகிய வாடை அது. போர்டில் மின்னூட்டம் சேர்த்து வைக்கும் குட்டிக் குட்டி அலுமினிய கபாசிட்டர்களுக்குள் இருந்த திரவம் ரப்பர் அடைப்பை மீறிக் கசிந்து ஈயப்பற்றின் மேல் படிந்திருக்கும், சூடு பட்டதும் வாடை கிளம்பும். இத்தனைக்கும் அந்த மெஷினை முப்பது வருடமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

பழைய மெஷினை அப்படியே காப்பாற்றுவதா, பிரித்து உதிரியாக்குவதா என்று சேகரிப்பவர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் உண்டு. என்னைக் கேட்டால், அதில் பாதிப் பேர் கம்ப்யூட்டரைக் கற்சிலை மாதிரி நினைத்துப் பேசுகிறார்கள். எடுத்து மூடி வைத்தால் அது அப்படியே இருந்துவிடாது. உள்ளே வேதியியல் நடந்துகொண்டே இருக்கிறது.

முதல் எதிரி பேட்டரி. 1991ல் வந்த அமிகா 500 பிளஸ் கம்ப்யூட்டரில் கடிகாரம் ஓடுவதற்காக 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்றை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதற்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். அது கசிந்தால் சொட்டி நிற்காது, செப்புத் தடங்களின் வழியே ஊர்ந்து, மேலே இருக்கும் பச்சைப் பூச்சுக்கு அடியில் புகுந்து களிம்பு ஏற்றி, ஒருநாள் தடத்தையே அறுத்துவிடும். காரம் என்பதால் வினிகர் போட்டு முறித்து, தண்ணீரிலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலும் கழுவலாம். ஆனால் மேக்கின்டாஷ் எஸ்இ/30 போன்றவற்றில் இருப்பது வேறு, லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி. அது வெடித்துக் கசிந்து ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும், சுற்றியுள்ள இரும்பெல்லாம் துருப்பிடிக்கும். அங்கே வினிகர் வேலைக்கு ஆகாது, சமையல் சோடாதான் வேண்டும். எந்த பேட்டரி என்று பார்க்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

சரி, கபாசிட்டர் ஏன் கசிகிறது? இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே திரவத்தில் ஊறிய காகிதம், எல்லாம் சுருட்டி ஒரு டப்பாவுக்குள். மின்சாரத்தைத் தடுப்பது காகிதம் இல்லை, அலுமினியத்தின் மேல் படர்ந்திருக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். படலம் அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் சின்ன டப்பாவில் நிறைய மின்னூட்டம் சேர்கிறது. 80களின் கடைசியில் இந்தச் சின்ன வகைகளில் சிலவற்றுக்குப் புதுவகை அம்மோனியம் உப்புக் கரைசலைப் பயன்படுத்தினார்கள், அது ரப்பர் அடைப்பையே மெல்ல அரித்துவிட்டது. இப்போது பலரும் டான்டலம் என்ற உலோகத்தை வைத்துச் செய்த கபாசிட்டரை மாற்றிப் போடுகிறார்கள். அதில் ஒரு கவனம் வேண்டும்: அலுமினிய வகையில் கறுப்பு அடையாளம் எதிர்முனை, டான்டலத்தில் கோடு இருப்பது நேர்முனை. முனை மாறிப் போட்டால் தீப்பிடிக்கக்கூடும்.

அப்புறம் காயலான் கடைப் பக்கம். தங்கம் துருப்பிடிக்காது என்பதால் சிப்பின் கால்களுக்குத் தங்கமுலாம் பூசினார்கள். 1995ல் வந்த பென்டியம் புரோவுக்கு 387 கால்கள், தங்கம் எடுப்பவர்களுக்கு அது மிகவும் பிடித்த சிப். எடுக்கும் முறை ராஜ திராவகம், மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும். தனித்தனியாக இரண்டுமே தங்கத்தை ஒன்றும் செய்யாது. சேரும்போது நைட்ரிக் அமிலம் தங்க அணுக்களிடமிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்குகிறது, அப்படிக் கொஞ்சம் கரைந்ததுமே குளோரைடு அதைச் சுற்றி வளைத்துக்கொள்கிறது, திரும்பிப் போக வழியில்லாமல் தங்கம் கரைந்துகொண்டே போகிறது. கூடவே நுரையீரலைக் கெடுக்கும் செம்பழுப்புப் புகை வரும், வீட்டில் செய்யக்கூடாத வேலை இது. அவ்வளவும் செய்து ஒரு சிப்பில் கிடைப்பது ஒரு கிராமுக்கும் குறைவு.

உதிரிக்காகப் பிரிப்பதை இதோடு சேர்த்துத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கமடோர் 64 இருக்கிறதே, அதன் பழைய பவர் சப்ளை கெட்டால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதிகமாகத் தள்ளி மெமரி சிப்புகளைக் கொன்றுவிடும். அந்த போர்டில் சிட் என்ற ஒலி சிப் பிழைத்திருந்தால் அதைக் கழற்றி வேறொரு கமடோருக்குப் போடலாம். கமடோர் கம்பெனி 1994ல் திவாலாகிவிட்டது, அந்தச் சிப்பை இனி யாரும் வார்க்கப்போவதில்லை. செத்த ஒன்று நான்கைப் பிழைக்க வைக்கிறது என்றால் அதுவும் காப்பாற்றுவதுதான். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் ஐபிஎம் டெர்மினலிலிருந்து, அதாவது பெரிய கம்ப்யூட்டரோடு பேச வைத்த திரையும் விசைப்பலகையும் சேர்ந்த பெட்டியிலிருந்து, விசைப்பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த டெர்மினலை இனி யார் எதை வைத்து இயக்குவது?

எது அரிதாகும் என்று அந்தந்தக் காலத்தில் யாருக்கும் தெரிவதில்லை. 1976ல் 666.66 டாலருக்கு வந்த ஆப்பிள்-1 சுமார் 200தான் செய்யப்பட்டது, திரும்ப வாங்கியவற்றை ஆப்பிளே அழித்தது. 2014ல் அதில் ஒன்று 9,05,000 டாலருக்கு ஏலம் போனது. அடுத்த வருடம் கலிபோர்னியாவின் மில்பிடாஸில் ஒரு பெண் கார் ஷெட்டைக் காலிசெய்து மறுசுழற்சி மையத்தில் இறக்கிய பெட்டிகளுக்குள் இன்னொன்று இருந்தது, பார்த்த ஊழியர்கள் அடையாளம் கண்டதால் தப்பியது. 1989ல் யூட்டாவின் லோகன் குப்பைமேட்டில் புதைத்த சுமார் 2,700 ஆப்பிள் லிசா கம்ப்யூட்டர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் எதிரியின் சங்கேதங்களை உடைத்த இடமான பிளெச்லி பார்க்கில் இரண்டு கதைகளையும் அருகருகே பார்க்கலாம். ஹிட்லர் தரப்பின் ரகசியச் செய்திகளை உடைத்த கொலோசஸ் மெஷின்களில் பெரும்பாலானவற்றைப் போர் முடிந்தபின் ரகசியம் காக்கப் பிரித்துப்போட்டார்கள், பிற்பாடு வரைபடங்களையும் எரித்தார்கள். பிரிட்டிஷ் பொறியாளர் டோனி சேலின் குழுவினர் 1993ல் அதை மறுபடி கட்டத் தொடங்கியபோது கையில் இருந்தவை எட்டுப் புகைப்படங்களும், பொறியாளர்கள் விதியை மீறி எடுத்து வைத்திருந்த சில சுற்றுப்படத் துண்டுகளும். வருடக்கணக்கான உழைப்பு அது. அங்கேயே 1951ன் ஹார்வெல் டெக்கட்ரான் என்ற கம்ப்யூட்டர், இரண்டரை டன், கல்லூரியிலும் அருங்காட்சியகத்திலும் கிடங்கிலும் இருந்து தப்பித்து 2012ல் மறுபடி ஓடியது. இன்றும் இயங்கும் அசல் டிஜிட்டல் கம்ப்யூட்டர்களில் அதுதான் மிகப் பழையது.

அதனால் உங்கள் பரணில் ஒன்று இருந்தால், வைத்துக்கொள்வதா விற்பதா என்பதை அப்புறம் யோசியுங்கள். இன்றைக்கு மூடியைக் கழற்றி பேட்டரியை எடுங்கள். போர்டின் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். மெஷினின் புரோகிராமைச் சேமித்து வைத்திருக்கும், கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ராம் சிப் இருந்தால் ஜன்னல் மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் அந்தப் புரோகிராமைத் தாங்கி உள்ளே அடைபட்ட எலக்ட்ரான்களை வெளியேற்றிவிடும். ஸ்டிக்கர் இருந்தாலும் அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கசியத்தான் செய்யும், நாற்பது வருடம் தாங்க வேண்டும் என்று அதை யாரும் வடிவமைக்கவில்லை. அந்தச் சிப்பை ஒரு சின்ன ரீடரில் செருகிப் படித்துக் கோப்பாகச் சேமிக்க ஐந்து நிமிடம் போதும்.