கூடாரத்துக்கு இடம் பார்த்தீர்கள், குதிரைக்குப் பார்த்தீர்களா?

குதிரையோடு மலையில் முகாம் போடுபவர்களிடமிருந்து இந்த சீசனில் இது மூன்றாவது அழைப்பு. நள்ளிரவில் போன். "டாக்டர், மதியத்திலிருந்தே படுத்துப் படுத்துப் புரளுது, வயித்தையே திரும்பித் திரும்பிப் பார்க்குது." முகாம் எங்கே என்றால், வண்டி வரும் பாதையிலிருந்து இரண்டு மணி நேரம் ஏற வேண்டுமாம். மதியமே ஏன் கூப்பிடவில்லை? மேலே சிக்னல் இல்லை, ஒருவர் கீழே இறங்கி வந்துதான் பேசுகிறார். சரி, போனேன். குடலில் தீவனம் இறுகி அடைத்திருந்தது. மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீர் கொடுத்து, வலிக்கு ஊசி போட்டு, காத்திருந்து, விடியும் நேரத்தில் லத்தி போட்டது. சொந்தக்காரர் அழுதேவிட்டார். எல்லாக் குதிரைக்கும் இப்படி விடிவதில்லை.

அவர் சொன்னதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்: "மலையில புல்லுக்கும் தண்ணிக்கும் என்ன பஞ்சம் டாக்டர், அதுவே பார்த்துக்கும்னு நினைச்சோம்."

அது பார்த்துக்கொள்ளாது. ஒரு குதிரைக்கு நாளுக்கு 25 முதல் 45 லிட்டர் தண்ணீர் வேண்டும், மேடேறி வியர்த்த நாளில் இன்னும் அதிகம். ஓடை பக்கத்தில் இருப்பது வேறு, குதிரை அதில் குடிப்பது வேறு. பழகாத வாசனை, இரைச்சல், கால் வழுக்கும் பாறை விளிம்பு என்று ஏதோ ஒன்று பிடிக்காமல் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும், நீங்களும் தாகமில்லை போல என்று கூடாரம் அடிக்கப் போய்விடுவீர்கள். கரை சரிவில்லாமல் இருக்கும் இடமாகப் பாருங்கள். வாளியில் மொண்டு வைத்து எவ்வளவு குறைந்தது என்று கண்ணால் பாருங்கள். பச்சையாக ஏடு படிந்த குட்டைப் பக்கம் விடவே வேண்டாம்.

அப்புறம் அந்தப் புல். 450 கிலோ குதிரைக்கு நாளுக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் வேண்டும். முந்தைய குழுவின் குதிரைகள் மேய்ந்து விட்டுப்போன இரண்டங்குலப் புல் எந்த மூலைக்கு? சரி, புல் நிறையவே இருக்கிறது என்று வையுங்கள், அப்போதும் ஆபத்துதான். வருஷம் முழுக்க லாயத்தில் உலர்புல் தின்ற குதிரையைத் திடீரென்று பசும்புல்லில் அவிழ்த்துவிட்டால் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் திணறிப்போகும், வயிற்றுவலியில் ஆரம்பித்துக் குளம்புக்குள் லேமினைடிஸ் என்னும் அழற்சி வரை போகலாம். தீவனத்தை மாற்ற 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால், டாக்டர் சும்மா பயமுறுத்துகிறார் என்றொரு பார்வை! வீட்டில் போடும் உலர்புல்லையே கட்டி எடுத்துப் போங்கள். களை விதை கலக்காத புல்லை மட்டுமே உள்ளே விடும் வனப்பகுதிகளும் உண்டு, அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. விஷச்செடியைத் தின்றால் தின்றதுதான். நீங்கள் படம் எடுக்க ஓடும் ரோடோடென்ட்ரான் பூச்செடி அதற்கு விஷம். யூ என்ற ஊசியிலை மரத்தின் இலை கொஞ்சம் உள்ளே போனாலே இதயம் நின்றுவிடும். பசியோடு கட்டிப்போட்ட குதிரை எட்டுவதையெல்லாம் கடிக்கும், ஆகவே கட்டுவதற்கு முன் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள்.

மரத்தில் நேரடியாகக் கட்டாதீர்கள், பட்டை உரியும், குதிரை வேரை மிதித்தே மரத்தைக் கொன்றுவிடும். இரண்டு மரங்களில் அகலமான பட்டியைச் சுற்றி, குதிரையின் தலைக்கு மேலே கயிற்றை இழுத்து அதில் கட்டுங்கள், தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி. முளையடித்து நீளக் கயிற்றில் விடுவதை வீட்டிலேயே பழக்கியிருந்தால் மட்டும் செய்யுங்கள். பின்னங்காலில் கயிறு அறுத்த புண்ணுக்கு மருந்து கட்டியே எனக்குச் சலித்துவிட்டது.

குதிரை ஏற்றிவரும் டிரெய்லர் திரும்ப இடமிருக்கிறதா, இருட்டில் இறங்க வழியிருக்கிறதா, சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள், தயவுசெய்து.

தாடைக்கு அடியில் நாடி பிடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போதே 60-ஐத் தாண்டினால் காலைவரை பார்க்கலாம் என்று உட்காராமல் உடனே ஆளைக் கீழே அனுப்புங்கள். போனில் நாடி எவ்வளவு, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது, எப்போது லத்தி போட்டது என்பதை முதலில் சொல்லுங்கள், மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.