மம்மி அறையில் ஏன் இவ்வளவு இருட்டு?

"லைட்டைக் கொஞ்சம் கூட்டி வைக்கக் கூடாதா சார்?" எகிப்திய மம்மிகளை, அதாவது பதப்படுத்திய பழங்கால உடல்களை வைத்திருக்கும் அறையில், அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிற எங்களிடம் பார்வையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. துணி, தோல் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். வெளிச்சத்தால் வரும் சேதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், திரும்பிப் போகாது. உங்கள் ஒரு ஃபிளாஷ் பெரிதாக ஒன்றும் செய்துவிடாதுதான். வரிசையில் நிற்கிற எல்லோரும் அப்படியே நினைத்தால் என்ன ஆகும்?

ஈரம் இதைவிட மோசம். எகிப்தியர்கள் உடலைக் காத்ததே ஈரத்தை வெளியேற்றித்தான். மூக்கு வழியாக மூளையை எடுப்பார்கள். இடது பக்க வயிற்றைக் கீறி ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் எல்லாவற்றையும் எடுப்பார்கள். இதயத்தை மட்டும் விட்டுவிடுவார்கள், மறுமையில் நன்மை தீமை பார்க்கத் தராசில் ஏறப்போவது அதுதானே. அப்புறம் கருவாடு போடுவதுபோல நேட்ரான் என்ற உப்பில் சுமார் 40 நாள். பிசின் பூசி, லினன் துணி சுற்றி முடிக்க மொத்தம் 70 நாள். ஆனால் உடலில் தங்கிவிட்ட உப்பு, காற்றில் ஈரம் கூடினால் அதை உறிஞ்சிக்கொள்ளும். பின்னாலேயே பூஞ்சை வரும். இரண்டாம் ராம்செஸ் என்ற எகிப்திய அரசரின் உடலில் பூஞ்சை பிடித்து, 1976-இல் பாரிசுக்கு விமானத்தில் கொண்டுபோய் காமா கதிர் பாய்ச்ச வேண்டியிருந்தது. (இவர் மூக்கில் மிளகு இருந்தது. மிளகின் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம்!)

இருந்தாலும் உடைந்த மம்மியைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் ஈரத்தின் மேல் வருவதில்லை, நம் காலத்து மனிதர்கள் மேல்தான் வரும். எகிப்தின் இளம் அரசர் துட்டன்காமுனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய சவப்பெட்டிகளில் உள்பெட்டி மட்டும் சுமார் 110 கிலோ தங்கம். சடங்கின்போது அதற்குள் ஊற்றிய தைலம் இறுகி, உடலும் முகத்தில் போட்டிருந்த தங்க முகமூடியும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டன. 1925-இல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் குழுவினர் அதை வெயிலில் வைத்துப் பார்த்தார்கள், இளகவில்லை. கடைசியில் சூடாக்கிய கத்திகளால் பிரித்தெடுத்தார்கள். தலையும் கைகால்களும் தனித்தனியாகப் போனது அப்போதுதான். அந்தப் பழியைப் பழங்காலத் திருடர்கள் மேல் போட முடியாது.

அதே முகமூடியின் தாடி 2014-இல் கழன்றபோது, எளிதில் பிரிக்க முடியாத எபாக்ஸி பசையால் அவசரமாக ஒட்டிவிட்டார்கள். எங்கள் தொழிலில் பெரிய தவறு இது. ஒட்டுவது எதுவானாலும் நாளைக்கு ஒருவர் பிரிக்கும்படி இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு பசையைப் பொறுமையாகச் சுரண்டியெடுத்து, தேன்மெழுகால் திரும்ப ஒட்டினார்கள்.

இப்போதெல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மம்மியைப் பிரிக்கவே தேவையில்லை. முதலாம் அமென்ஹோடெப் என்ற அரசரின் மேல் சுற்றிய துணியை அவிழ்க்காமலேயே சிடி ஸ்கேனில் பார்த்துவிட்டார்கள். இறக்கும்போது சுமார் 35 வயது, உடலோடு 30 தாயத்துகள். 2021-இல் வெளியான ஆய்வு இது.

ஆகவே உள்ளே போனதும் ஐந்து நிமிடம் நில்லுங்கள், கண் பழகிவிடும். அதுவரை உறுப்புகளை வைத்த நான்கு ஜாடிகளின் மூடிகளைப் பாருங்கள். மனிதத் தலை ஈரலுக்கு, பபூன் குரங்கு நுரையீரலுக்கு, நரி இரைப்பைக்கு, வல்லூறு குடலுக்கு. நான்குமே மனிதத் தலையாக இருந்தால் அது பெரும்பாலும் ராம்செஸ் அரசர்களுக்கு முந்தைய காலத்து ஜாடி.